வரையத் தெரிந்த பிள்ளைக்கு ஃபவுண்டேஷன் எதற்கு?

ஏப்ரல் 26, 2025: கேள்வி, தாய் ஒருவரிடமிருந்து

வியாழக்கிழமை ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்தது. என் மகன் காட்சிக்கலைக் கல்வியில் ஏ எடுத்திருக்கிறான். சிறு வயதிலிருந்தே நன்றாக வரைவான். நடிகர்களை அவன் வரைந்தால் புகைப்படம் என்றே நினைப்பார்கள். கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் விசாரித்தோம். ஓராண்டு கலை, வடிவமைப்பு ஃபவுண்டேஷன் (அடிப்படைப் படிப்பு) படித்த பிறகுதான் பட்டப்படிப்பு என்கிறார்கள். நானும் கணவரும் பேராக், சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறோம். ஏற்கெனவே வரையத் தெரிந்த பிள்ளைக்கு மறுபடியும் வரையக் கற்றுக்கொடுக்க ஒரு வருடச் சம்பளத்தைக் கொட்ட வேண்டுமா? இது பணம் பறிக்கும் வழி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் 26, இரவு

அக்கா, நானும் சுங்கை சிப்புட்தான். பெயர்ப்பலகைக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறேன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். எஸ்.பி.எம். முடித்து கோலாலம்பூரில் ஃபவுண்டேஷன் படித்தவன் என்பதால் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு.

பணம் பறிக்கும் இடங்கள் இருக்கின்றன. அதை மறுக்க மாட்டேன். ஆனால் வரையக் கற்றுக்கொடுக்கத்தான் அந்த ஓராண்டு என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் உங்களோடு சண்டை.

எங்கள் முதல் வாரத்தில் விரிவுரையாளர் எல்லோருடைய பென்சிலையும் வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டினார். ஆளுக்கு ஒரு ஈர்க்குச்சியும் மைக்குப்பியும் கொடுத்து, கழற்றிப் போட்ட செருப்பைத் தாளைப் பார்க்காமல் வரையச் சொன்னார். அடுத்த வாரம் இடது கையால். பள்ளியில் பரிசு பரிசாக வாங்கிக் குவித்திருந்த ஒரு பையன் அழுதேவிட்டான். பதினேழு வயதில் நன்றாக வரைகிறவன் பெரும்பாலும் ஞாபகத்திலிருந்து வரைகிறான். மூக்கு என்றால் அவனிடம் தயாராக ஒரு மூக்கு இருக்கிறது. எதிரில் யார் உட்கார்ந்தாலும் அதையே ஒட்டிவிடுவான். அந்தக் கையிருப்பைக் காலி செய்வதற்குத்தான் முதல் சில வாரங்கள் போகின்றன.

பிறகு சுற்று. சில வாரம் கிராஃபிக், சில வாரம் துணி, களிமண், புகைப்படம், அனிமேஷன், உள்ளரங்க வடிவமைப்பு. நான் போனது காமிக்ஸ் வரைய. எழுத்துரு வகுப்பில் 'ழ'வின் வளைவைப் பெரிதாக்கி வரையச் சொன்னார்கள். அன்றோடு காமிக்ஸ் ஆசை போயிற்று. இன்றைக்கு எழுத்துதான் எனக்குச் சோறு போடுகிறது. அந்த ஓராண்டு இல்லாவிட்டால் காமிக்ஸ் பிரிவில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் வெறுத்து, படிப்பை விட்டிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

ஏப்ரல் 27, காலை

கீழே ஒருவர் "இது வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம், நமக்கு எதற்கு" என்று எழுதியிருக்கிறார். ஐயா, இதற்கு விதை போட்டது ஜெர்மனி. 1919இல் வைமார் நகரில் பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளி தொடங்கியபோது ஓவியர் ஜொஹான்னஸ் இட்டன் அங்கே முன்னிலை வகுப்பு ஒன்றை நடத்தினார். பட்டறைக்குள் போகும் முன் எல்லா மாணவரும் அதை முடிக்க வேண்டும். மரம், கம்பி, துணி, தாள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து, எதில் கை நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாடம். 1923இல் அவர் விலகிய பிறகு மொஹோலி நாஜும் யோசெப் ஆல்பர்ஸும் அதைத் தொடர்ந்தார்கள். ஆல்பர்ஸ் பழைய செய்தித்தாளைக் கொடுத்து, வீணாக்காமல் ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாராம். கோட்டையும் கப்பலும் செய்தவர்களை விட்டுவிட்டு, தாளை மடித்து நிமிர்த்தி நிறுத்தியவனைத்தான் மெச்சினாராம்.

இங்கிலாந்து அதைத் தன் முறைக்கு எடுத்துக்கொண்டது கலைக் கல்வி பற்றிய 1960இன் கோல்ட்ஸ்ட்ரீம் அறிக்கைக்குப் பிறகு. ஸ்காட்லாந்தில் பட்டப்படிப்பே நான்கு ஆண்டு, முதலாண்டு பொதுவாக இருக்கும். அமெரிக்காவிலும் நான்காண்டுப் படிப்பின் முதலாண்டுக்குள் அதை வைத்துவிடுகிறார்கள். எந்த நாட்டில் பார்த்தாலும் அந்த ஓராண்டு ஏதோ ஒரு மூலையில் இருக்கத்தான் செய்கிறது. தனியாக ரசீது போடுகிறார்களா, உள்ளே சேர்த்துப் போடுகிறார்களா என்பதுதான் வேறுபாடு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் நாட்டு டிப்ளோமாவிலும் அது இருக்கிறது. முதல் தவணைகளின் பாடப்பட்டியலை வாங்கிப் பாருங்கள்: வரைதல், வண்ணம், வடிவமைப்பு அடிப்படை, முப்பரிமாணம். ஃபவுண்டேஷன்தான், வேறு பெயரில்.

ஏப்ரல் 27, மாலை

காசு விஷயத்துக்கு வருகிறேன். காலையில் எழுதியதைவிட இதுதான் அக்காவுக்கு உதவும்.

பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் டிப்ளோமாவுக்கும் பட்டப்படிப்புக்கும் உண்டு, ஃபவுண்டேஷனுக்குக் கிடையாது. கல்விக் கண்காட்சி மேடைகளில் இதை யாரும் முதல் வாக்கியமாகச் சொல்வதில்லை. ஃபவுண்டேஷன் ஓராண்டின் கட்டணம், வாடகை, சாப்பாடு, சாமான் எல்லாம் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். கலைப் படிப்பில் சாமான் செலவு சின்னதும் இல்லை. படம் ஒட்டும் மவுண்ட் பலகை ஒன்றின் விலையைக் கேட்டால் அன்றைக்குச் சாப்பிட மனம் வராது.

ஃபவுண்டேஷனில் சேரப் பொதுவாக எஸ்.பி.எம்.மில் ஐந்து பாடத்தில் கிரெடிட் (நல்ல தேர்ச்சி) வேண்டும், டிப்ளோமாவுக்கு மூன்று. ஃபவுண்டேஷன் ஓராண்டும் பட்டம் மூன்றாண்டும் சேர்ந்து நான்கு. டிப்ளோமா இரண்டரை முதல் மூன்று ஆண்டு. அதன் பிறகு பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. ஆகவே டிப்ளோமா வழி நீளம்தான்.

ஆனால் நான் பெற்றோரிடம் கேட்பது வேறு கேள்வி. இடையில் வீட்டில் ஏதாவது நடந்து பிள்ளை படிப்பை நிறுத்த நேர்ந்தால், அவன் கையில் என்ன மிஞ்சும்? டிப்ளோமா முடித்து நின்றால் அச்சகத்திலோ விளம்பர நிறுவனத்திலோ அந்தச் சான்றிதழைக் காட்டி வேலை கேட்கலாம். ஃபவுண்டேஷனோடு நின்றால் காட்ட ஒன்றும் இல்லை. தனியார் ஃபவுண்டேஷன் பல சமயம் அதே கல்லூரியின் அடுத்த கதவை மட்டுமே திறக்கும். தோட்டத்து வீடுகளில் இடையில் ஏதாவது நடப்பது அபூர்வமில்லை. என் வகுப்புத் தோழர்களில் பாதியில் நின்றவர் யாருக்கும் திறமைக் குறைவு இருக்கவில்லை.

துறை எது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது, பணமும் இறுக்கம் என்றால் நேராக டிப்ளோமா. எதில் போவது என்று உண்மையிலேயே தெரியவில்லை, ஓராண்டைத் தாங்க வீட்டில் வசதியும் இருக்கிறது என்றால் ஃபவுண்டேஷன். தெரியவும் இல்லை, வசதியும் இல்லை என்பவர்கள்தான் நம் ஊரில் அதிகம். அவர்களுக்காகத்தான் இந்த இழையைத் தொடரப் போகிறேன்.

ஏப்ரல் 29

யு.ஐ.டி.எம். பல்கலைக்கழகம் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை என்று ஒருவர் கேட்கிறார். 1967இலிருந்து அங்கே கலை, வடிவமைப்புப் பிரிவு இருக்கிறது. நாட்டிலேயே பழையவற்றில் ஒன்று. அந்தப் படிப்புகள் பூமிபுத்ரா (மலாய், பூர்வகுடி) மாணவர்களுக்கானவை. அவ்வளவுதான் பதில்.

அரசாங்க வழி வேறு இருக்கிறது. பாசீர் கூடாங்கில் உள்ள இப்ராஹிம் சுல்தான் பாலிடெக்னிக்கில் கிராஃபிக் வடிவமைப்பு டிப்ளோமா உண்டு. தனியார் கட்டணத்தோடு பார்த்தால் அது கட்டணமே இல்லை என்று சொல்லலாம். ஜோகூர் தூரம்தான், விடுதி வேண்டும். எஸ்.பி.எம்.முக்கு மேல் ஆறாம் படிவம் போனால், அதன் இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். பாடங்களில் காட்சிக்கலையும் ஒன்று. எல்லாப் பள்ளியிலும் வைப்பதில்லை, போய்க் கேட்க வேண்டும். எஸ்.டி.பி.எம். கையில் இருந்தால் பினாங்கில் யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் கலைப் பள்ளி, தஞ்சோங் மாலிமில் உப்சி கல்வியியல் பல்கலைக்கழகம், சரவாக்கில் யுனிமாஸ் பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம். ஓவிய ஆசிரியராக விருப்பம் என்றால் உப்சியை முதலில் பாருங்கள்.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான யு.பி.யு. விண்ணப்பத்தின் கடைசித் தேதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். தகுதி இருந்தும் தேதியைத் தவறவிட்ட பிள்ளைகள் என் வகுப்பிலேயே உண்டு.

மே 4

இன்று பள்ளி மண்டபத்தில் கல்விக் கண்காட்சி. கல்லூரிப் பெயரைச் சொல்ல மாட்டேன். கழுத்துப்பட்டை கட்டிய ஒரு தம்பி, என் மாணவி ஒருத்தியிடம் "போர்ட்ஃபோலியோ எல்லாம் வேண்டாம், இன்றே பதிந்தால் கட்டணத்தில் கழிவு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கையில் பேனாவைக்கூடக் கொடுத்துவிட்டார்.

போர்ட்ஃபோலியோ கேட்காத இடம் எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. காட்சிக்கலைப் பாடம் எடுக்காத பிள்ளைகளுக்கு வரைதல் சோதனையோ நேர்காணலோ வைத்துச் சேர்க்கும் நல்ல இடங்கள் இருக்கின்றன. ஆனால் சோதனையும் இல்லை, நேர்காணலும் இல்லை, இன்றே கையெழுத்து என்றால், உங்கள் பிள்ளை வரைவாளா என்பது அவர்களுக்கு முக்கியமில்லை என்று அர்த்தம்.

நான் குறுக்கே புகுந்து சில கேள்விகள் கேட்டேன். இந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. (நாட்டின் கல்வித் தர அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா, எண் என்ன? இதை முடித்தால் வேறு எந்தப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும், எழுத்தில் தருவீர்களா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? பட்டறையை மாலை நேரத்தில் திறந்து வைப்பீர்களா? போன ஆண்டு மாணவர்களின் வேலைகளைப் பார்க்க முடியுமா? எண்ணைத் தவிர மற்றதற்கு அவரிடம் பதில் இல்லை. விவரக் கையேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாவம், சிறு பையன், அவருக்கும் மாதக் கணக்கு ஏதாவது இருக்கும். பேனாவை மட்டும் திரும்ப வாங்கிக் கொடுத்தேன்.

மே 11

போர்ட்ஃபோலியோ. இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். எனக்கும் இதில்தான் அதிகம் எரிச்சல். நீளமாக எழுதுகிறேன்.

இன்றைய வகுப்புக்குப் புதிதாக ஒரு பையன் கோப்போடு வந்தான். பத்துப் பன்னிரண்டு பென்சில் படங்கள், எல்லாம் நடிகர்கள். புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெயர்த்தவை. தாடியில் ஒவ்வொரு மயிரும் இருந்தது. உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் நேர்காணல் செய்கிறவர் அதைப் பார்த்தால் அவருக்கு ஒரே ஒரு செய்திதான் கிடைக்கும்: இந்தப் பையனுக்குப் பொறுமை இருக்கிறது. எங்கே வெட்டுவது, எதை விடுவது, வெளிச்சம் எங்கிருந்து வருவது எல்லாவற்றையும் முடிவு செய்தவர் புகைப்படக்காரர். பையன் எடுத்த முடிவு ஒன்றும் தாளில் இல்லை.

அவனிடம் சொன்னேன்: ஒன்றை வைத்துக்கொள், மற்றதை வீட்டில் மாட்டு. கோப்பில் பத்து முதல் இருபது வேலை இருந்தால் போதும், ஆனால் நேரில் பார்த்து வரைந்தது பாதிக்கு மேல் இருக்க வேண்டும்.

"நேரில் பார்க்க இங்கே என்ன இருக்கிறது, தோட்டம்தான் இருக்கிறது" என்றான். எனக்குக் கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன். தம்பி, கோலாலம்பூர்ப் பிள்ளைகள் ஐம்பது பேர் காப்பிக் கோப்பையை வரைந்து கொண்டுவருவார்கள். உன் பாட்டி வீட்டுப் பரணில் பால் வெட்டும் உளி கிடக்கிறது. அதன் வளைந்த நுனியை எத்தனை கோணத்தில் வரையலாம்! தோளில் பால் சுமக்கும் காண்டா கம்பின் இரண்டு முனையிலும் வாளி தொங்கும்போது தோள் எப்படி ஒரு பக்கம் இறங்குகிறது என்று பாட்டியை நிற்க வைத்து ஒரு நிமிடத்தில் கரித்துண்டால் போடு. தொழிலாளர் வரிசை வீடான பழைய லயத்தின் பலகைச் சுவர், அதன் மேல் தகரக் கூரை, அதில் துரு. செம்பனைக் குலையை வரையாதே, குலைக்கும் மட்டைக்கும் நடுவே தெரியும் வானத்தின் துண்டுகளை மட்டும் வரை. குலை தானாக வந்து நிற்கும். ஃபவுண்டேஷனில் முதல் மாதத்தில் செய்ய வைக்கும் பயிற்சி இது. தாளுக்கும் கரிக்கும் மேல் செலவில்லை.

பச்சை பற்றி ஒரு வார்த்தை. டியூபில் இருந்து பிதுக்கிய பச்சையைத் தோட்டத்தின் மேல் அப்படியே பூசுகிறவர்களுக்கு என் வகுப்பில் தேநீர் கிடையாது. மஞ்சளில் கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்கள்: மங்கிய, எண்ணெய்ப் பிசுக்கான ஒரு பச்சை வரும். நடுப்பகலில் செம்பனை ஓலையின் அடிப்பக்கம் அந்த நிறம்தான்.

இன்னொன்று, குறிப்பேடு. முடிந்த படங்களை மட்டும் பளபளவென்று அடுக்கிக் கொண்டுபோகாதீர்கள். அழித்தது, தவறியது, ஓரத்தில் எழுதியது, பஸ் டிக்கெட் ஒட்டியது எல்லாம் உள்ள குறிப்பேட்டையும் கொண்டுபோங்கள். என் நேர்காணலில் கோப்பை இரண்டு நிமிடத்தில் மூடிவிட்டுக் குறிப்பேட்டைத்தான் அரை மணி நேரம் புரட்டினார்கள்.

மே 12

சாமி படங்களும் கூடாதா என்று கேட்டவருக்கு: நாள்காட்டி முருகனைப் பார்த்து வரைந்த முருகன், நடிகருக்குச் சொன்ன அதே சட்டத்துக்குள் வருவார். ஈப்போவின் குனோங் சீரோ முருகன் கோயிலுக்குத் தைப்பூசத்தில் போகும் காவடியை யாராவது கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எது எதோடு எப்படி இணைகிறது, பாரம் இடுப்புக்கு எப்படி இறங்குகிறது என்று வரைந்தால், அது முப்பரிமாண வடிவமைப்புக்கு முதல்தரமான பக்கம். முருகனும் கோபிக்க மாட்டார்.

மே 25

இது தலைப்பை விட்டு விலகியது, படிக்க விரும்பாதவர்கள் தாண்டிப் போங்கள்.

நீர்வண்ணத்தில் வெள்ளை இடத்தைக் காப்பாற்ற ஒரு திரவம் விற்கிறார்கள். பூசிக் காயவிட்டு, மேலே வண்ணம் அடித்து, பிறகு விரலால் உருட்டி எடுத்தால் அடியில் வெள்ளைத் தாள். ஈப்போவில் ஒரு குட்டிக் குப்பியின் விலையைக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். குப்பியைத் திறந்து மோந்தவுடன் எனக்குப் பழைய பால் கொட்டகை ஞாபகம். அது ரப்பர் பால்தான்! நம் தாத்தாக்கள் விடியலில் வெட்டி மங்கு என்ற கிண்ணத்தில் பிடித்ததை வெளிநாட்டுக்கு அனுப்பி, குப்பியில் அடைத்து, நமக்கே விற்கிறார்கள்.

பக்கத்தில் சிறுதோட்டக்காரர் ஒருவர் இன்னும் பால் வெட்டுகிறார். ஒரு மங்கு வாங்கி வந்து வகுப்பில் கொடுத்தோம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மதியத்துக்குள் மங்கிலேயே உறைந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

ரப்பர் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பென்சில் கோட்டை ரப்பரால் அழிக்கலாம் என்று 1770இல் எழுதிவைத்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி, ஆக்சிஜனோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் அதே விஞ்ஞானி. அதற்கு முன் ரொட்டித் துண்டால் அழித்தார்கள். கரி ஓவியத்துக்கு ரொட்டி இன்றும் நல்லதுதான், எறும்பு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மே 26

முன்னாள் தோட்டத் தொழிலாளி ஒருவர், பெரியவர், எழுதியிருக்கிறார்: "தம்பி, பால் உறையாமல் இருக்க அமோனியா விட வேண்டும் என்று உன் அப்பா சொல்லித் தரவில்லையா?" தாத்தா, சொன்னார். ஆனால் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அமோனியாவைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை, புதுப் பாலையே உடனுக்குடன் பயன்படுத்தினோம். வடிகட்டாத பாலில் பட்டைத் தூள் இருக்கும், வடிகட்டிக்கொள் என்று அவர் சொன்னதை மட்டும் இந்த வாரம் செய்தோம், வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.

முயல்கிறவர்களுக்கு: தூரிகையை முதலில் சோப்பு நீரில் தோய்த்துவிட்டுப் பிறகு பாலில் வையுங்கள், இல்லாவிட்டால் தூரிகையைக் குப்பையில் போட வேண்டியதுதான். நாள் கணக்கில் தாளில் விட்டால் பிய்க்கும்போது தாளும் கூட வரும்.

ஜூன் 15

இத்தனை நாளும் "ஃபவுண்டேஷனின் முதல் மாதங்களை சிப்புட்டிலேயே செய்துவிடலாம்" என்கிற தொனியில் எழுதிவந்தேன். ஒரு பகுதியை இன்று குறைத்துக்கொள்கிறேன்.

கையைப் பழக்குவது இங்கே முடியும், கண்ணைப் பழக்குவதும் முடியும். இங்கே கிடைக்காதது, அடுத்தவர் வாய். எங்கள் ஃபவுண்டேஷனில் வெள்ளிக்கிழமை தோறும் எல்லோருடைய வேலையையும் சுவரில் வரிசையாக ஒட்டுவார்கள். பெயர் எழுதக் கூடாது. ஒவ்வொருவரும் ஒரு வேலையின் முன் நின்று பேச வேண்டும். செய்தவன் பதில் பேசக் கூடாது. என் படத்தைப் பார்த்து ஒருத்தி, "இதில் கண் எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை, அதனால் நான் வெளியே போய்விட்டேன்" என்றாள். இரண்டு நாள் சாப்பிடப் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு பலகையை வடிவமைக்கும்போது இன்றைக்கும் அவள் சொன்னதுதான் காதில் விழுகிறது.

அதை இன்று மண்டபத்தில் நடத்திப் பார்த்தேன். கயிறு கட்டி, துணிக் கவ்வியால் படங்களை மாட்டினோம். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து, "அழகாக இருக்கிறது" என்று சொல்லி உட்கார்ந்தது. எல்லாப் படத்துக்கும் அதேதான். சரி, 'அழகு' என்ற சொல்லுக்குத் தடை என்றேன். "நன்றாக இருக்கிறது" என்று வந்தது. அதற்கும் தடை. மௌனம். கோயில் சமையலுக்கு வந்திருந்த ஓர் அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "அந்த மாடு ஏன் மிதக்கிறது?" என்று கேட்டார். பார்த்தால் உண்மைதான், காலுக்குக் கீழே நிழல் இல்லை. அதன் பிறகுதான் பிள்ளைகளுக்கு வாய் திறந்தது. ஒருவன் தன் சொந்தப் படம் என்று மறந்து அதையே கிழித்துப் பேசினான்.

ஆக, சிறு அளவில் இதுவும் இங்கே நடக்கும். ஆனால் ஒரே தெருவில் வளர்ந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசுவதும், சபாவிலிருந்தும் கிளந்தானிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்தவர்கள் நடுவே நம் படம் தொங்குவதும் ஒன்றாகாது. நான் ஃபவுண்டேஷனுக்குக் கொடுத்த காசில் ஏதாவது திரும்பி வந்தது என்றால் அந்த வெள்ளிக்கிழமைகளில்தான் வந்தது. டிப்ளோமாவிலும் இப்படி நடத்துகிறார்களா என்று சேரும் முன் கேளுங்கள். மே 4இல் எழுதிய கேள்விகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 22

வண்ணப் பயிற்சிக்குச் சாமான் இல்லை என்றவருக்கு: கோலப்பொடி இருக்கிறதா? ஒரே ஆரஞ்சுப் பொடியில் சின்னச் சதுரம் இரண்டு. ஒன்றைச் சுற்றிச் சிவப்பு, மற்றதைச் சுற்றிப் பச்சை. தள்ளி நின்று பாருங்கள், இரண்டும் ஒரே ஆரஞ்சு என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். ஆல்பர்ஸ் இதைத்தான் பின்னாளில் அமெரிக்காவில் வண்ணத் தாள் துண்டுகளை வைத்து ஆண்டுக்கணக்கில் நடத்தினார். படம் எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, என்ன பார்த்தீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். காற்றாடியை நிறுத்திவிட்டுச் செய்யவும்.

ஜூலை 13

ஒரு தந்தை கேட்கிறார், மகளைச் சென்னைக்கு அனுப்பலாமா என்று. சென்னைக் கலைக் கல்லூரி 1850இல் தொடங்கியது; ஆசியாவின் பழைய ஓவியக் கல்லூரிகளில் ஒன்று. நம் நாட்டு ஓவியர் சையத் தாஜுதீன் அங்கே படித்தவர்தான். அவருடைய ராமாயண ஓவியங்களின் கோட்டில் அந்தப் படிப்பு தெரியும். நுண்கலைதான் வேண்டும் என்றால் யோசிக்கலாம். வடிவமைப்பு வேலைக்குத் திரும்பி வருவதாக இருந்தால், பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் உண்டா என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்கள். சிங்கப்பூர் என்றால் நாஃபா கலைக் கல்லூரி 1938இலிருந்தும் லாசால் கலைக் கல்லூரி 1984இலிருந்தும் நடக்கின்றன, டிப்ளோமாவும் உண்டு. ஆனால் அந்த ஊர்க் காசைக் கணக்குப் போட்டுவிட்டுப் பிறகு பேசுவோம்.

ஆகஸ்ட் 3

முதல் கேள்வி கேட்ட அக்கா தனிச் செய்தி அனுப்பியிருந்தார், இங்கே எழுத அனுமதியும் தந்தார். மகன் டிப்ளோமாவில் சேர்ந்துவிட்டான், கிராஃபிக். நேர்காணலில் நடிகர் படங்களை விட்டுவிட்டு, அவன் அப்பாவின் குலை அறுக்கும் நீளக் கத்தியை வரைந்த பக்கத்தைக் காட்டி, "இதன் கைப்பிடியை நீ வடிவமைத்தால் எதை மாற்றுவாய்?" என்று கேட்டார்களாம். அப்பாவின் தோள்வலி தெரிந்த பையன் ஆயிற்றே, பத்து நிமிடம் பேசியிருக்கிறான். இப்போது அவனுக்குப் பொருள் வடிவமைப்புக்கு மாறலாமா என்று சந்தேகம் வந்துவிட்டதாம். அக்கா, என்னைத் திட்ட வேண்டாம். முதல் தவணைப் பாடங்கள் முடியட்டும், அதற்குள் மாறச் சொல்லாதீர்கள். முடிந்த பிறகும் சந்தேகம் இருந்தால், பாடப் பொறுப்பாளரிடம் மாற்றத்துக்கு வழி இருக்கிறதா என்று அவனையே போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 17

வரைபலகைக் கணினி வாங்க வேண்டுமா என்று இந்த மாதம் மட்டும் நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். சேரும் முன் வேண்டாம். கல்லூரி எந்த மென்பொருள், எந்த அளவு என்று சொல்லும், அப்போது வாங்குங்கள். முதல் தவணையில் பெரும்பாலும் கைவேலைதான். அந்தக் காசில் ஏ2 கோப்பு ஒன்று, நல்ல வெட்டுக்கத்தி ஒன்று, உலோக அளவுகோல் ஒன்று வாங்குங்கள். பிளாஸ்டிக் அளவுகோலை வைத்து வெட்டினால் அளவுகோலும் போகும், விரலும் போகும்.

படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்கு என் பதில் குறுகியது: மாடு மிதக்கிறது என்று கண்டுபிடிக்க அந்தச் சமையல்கார அம்மா தேவைப்பட்டார்.

அடுத்த ஞாயிறு வகுப்பு காலை ஒன்பதுக்கு. கோயிலில் திருமணம் இருப்பதால் மண்டபம் இல்லை, கடைக்குப் பின்னால் கொட்டகையில். கரித்துண்டு நான் தருகிறேன், செய்தித்தாள் நீங்கள் கொண்டு வாருங்கள். வெள்ளைச் சட்டை போட்டு வராதீர்கள்; போன முறை வீட்டுக்குப் போன பிறகு எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் போதும்.